விடை தெரிந்தவர் டீ வாங்கப் போகலாம்

பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் லேடீஸ் டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். மூன்று தையல் மெஷின், ஒரு ஓவர்லாக், துணி வெட்டுகிற பெரிய மேஜை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால், அதற்குப் பிறகு குனிந்து உள்ளே வருகிறவர்கள் ப்ளவுஸ் அளவு கொடுக்க வருகிறவர்கள் இல்லை. எங்க மதினி, எதிர்வீட்டுச் சித்தி, பக்கத்துத் தெரு டீச்சர், என்னிடம் வேலை பழகுகிற சின்னப்பெண், நான். ஐந்து பேர். நாலு வருஷமாகப் புதிர் போட்டு விளையாடுகிறோம்.

முதல் ஞாயிறே சொதப்பல்தான். டீச்சர் ஒரு பாலம் கடக்கும் கணக்கைச் சொல்லி முடிக்கவில்லை, சின்னப்பெண் "அக்கா, இது எனக்குத் தெரியும், பதினேழு" என்றாள். போனில் பார்த்திருக்கிறாள். மற்ற மூன்று பேர் முகமும் விழுந்துவிட்டது. சித்தி உடனே தன் மருமகள் கதையை எடுத்துவிட்டாள். அன்றைக்கு அத்தோடு முடிந்தது.

அடுத்த வாரம் ஒரு சட்டம் போட்டேன். புதிரைக் கேட்டதும் விடை ஏற்கெனவே தெரிந்தவர் கையைத் தூக்க வேண்டும், தூக்கினவர் முக்குக் கடைக்குப் போய் எல்லாருக்கும் டீ வாங்கி வர வேண்டும். திரும்பி வந்த பிறகு அவர்தான் நடுவர், வாயைத் திறக்கக் கூடாது. தண்டனை மாதிரித் தெரியலாம். ஆனால் நடுவர் வேலை சின்ன வேலை இல்லை. விடை தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறவளைப் பார்க்க வேண்டுமே, உதடு துடிக்கும்! நீங்கள் உங்கள் வீட்டில் தொடங்கினாலும் இந்தச் சட்டத்தை முதலில் போட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நாலு முதல் ஆறு பேர் வரை நல்லது. எட்டுப் பேர் வந்தால் இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேர் யோசிப்பார்கள், ஆறு பேர் முறுக்குத் தின்பார்கள். ஒரு தடவை உட்கார்ந்தால் ஒரு புதிர் போதும். இரண்டு என்றால் அதிகம்.

ஆச்சி காலத்து அழிப்பாங்கதையையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கம் விடுகதையை அழிப்பாங்கதை என்றுதான் சொல்லுவோம். "அம்மா படுத்திருப்பா, மக ஓடித் திரிவா, அது என்ன?" அம்மியும் குழவியும். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் முழிக்க வேண்டியதுதான். நான் சொல்லும் புதிர்கள் அப்படி இல்லை. இங்கே விடை பளிச்சென்று தோன்ற வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றை வைத்து இன்னொன்று, அதை வைத்து அடுத்தது என்று நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். பத்தாவது வரை படித்த நானும் பி.எட். முடித்த டீச்சரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்த நாள் உண்டு. சித்தி எங்களுக்கு முன்னால் போய் நின்ற நாளும் உண்டு.

தொடங்குவதற்குப் புலி, ஆடு, புல்லுக்கட்டை விட்டால் வேறு கிடையாது. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள். எங்கள் ஐந்து பேரும் சின்ன வயதில் கேட்டிருந்தோம், ஒருத்திக்கும் விடை நினைவில்லை. ஒருவன் மூன்றையும் ஆற்றுக்கு அக்கரை கொண்டு போக வேண்டும். பரிசலில் அவனோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். அவன் பக்கத்தில் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும்.

இதை உட்கார்ந்த இடத்திலேயே போடாதீர்கள். எழுந்து ஆட வேண்டும். கடைத் தரையில் மார்க்கிங் சாக்கால் இரண்டு கோடு கிழித்தேன், நடுவில் தாமிரபரணி. மதினி ஆடு, டீச்சர் புலி, லைனிங் துணிக் கட்டு ஒன்று புல்லு. சித்தி பரிசல்காரி. சித்தி எடுத்த எடுப்பில், "புலியைக் கொண்டு போய் இவன் என்ன செய்யப் போறான்? இக்கரையிலேயே விட்டுத் தொலைக்க வேண்டியதுதான?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் மாலை ஆகிவிடும். "அவனுக்கு அது செல்லப் புலி சித்தி" என்று முடித்துவிட்டேன்.

முதலில் ஆட்டைத்தான் கொண்டு போக வேண்டும், அது எல்லாருக்கும் வரும். அதன் பிறகுதான் முட்டும். புலியைக் கொண்டு போனால் அக்கரையில் ஆட்டைத் தின்கிறது, புல்லைக் கொண்டு போனால் ஆடு அதைத் தின்கிறது. சித்தி மூன்று தடவை மதினியைப் புலிக்கு இரையாக்கினாள். நான் "தப்பு" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தப்பு நடந்தால் டீச்சர் போய் மதினியின் தோளைக் கடிப்பதுபோல் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டத்தில் தப்புக்குப் பலன் தானாக நடந்துவிட்டால் யாருக்கும் அவமானமில்லை. "தப்பு" என்று ஒருவர் வாயால் சொன்னால்தான் சுருக்கென்று இருக்கும்.

நாலாவது தடவை, புலியை அக்கரையில் இறக்கிவிட்டு வெறும் பரிசலோடு திரும்பப் போன சித்தியின் சேலையை மதினி பிடித்துக்கொண்டாள். "என்னை இவகிட்ட விட்டுட்டுப் போவாதிய சித்தி, நானும் வாரேன்." விளையாட்டுக்குத்தான் சொன்னாள். சித்தி நின்றாள். திரும்பி மதினியைப் பார்த்தாள். "ஏட்டி, உன்னையத் திரும்பக் கூட்டிட்டுப் போவலாமோ?" அதுதான் விடை. கொண்டு வந்த ஆட்டைத் திருப்பிக் கொண்டு போகலாம் என்று நம் புத்திக்கு லேசில் தோன்றாது, செய்த வேலையை அழிப்பதுபோல் இருக்கும். தையலில் பிரித்துத் தைக்கச் சொன்னால் மூஞ்சி சுளிக்கிறோமே, அதே கதைதான். ஆட்டை இக்கரை கொண்டு வந்து இறக்கி, புல்லை அக்கரை கொண்டு போய், வெறும் பரிசலோடு வந்து, கடைசியில் ஆடு. போக வர எண்ணினால் ஏழு தடவை.

இதே கணக்கு ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று ஐரோப்பாவில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கிறதாம். யார்க் நகரத்து அல்குயின் என்ற அறிஞர் பேரில் வழங்கும் லத்தீன் கணக்குத் தொகுப்பில் இது உண்டு. அவர் இறந்தது 804இல். டீச்சர் இதைச் சொன்னபோது சித்தி, "அங்க புலி கிடையாதுல்லா, அதான் ஓநாய்" என்றாள்.

அடுத்து, புதிரைச் சொல்லும் விதம். இதில்தான் பாதிச் சண்டை வருகிறது. போனைப் பார்த்து வாசிக்காதீர்கள். முந்தின நாளே மனப்பாடம் பண்ணிக்கொண்டு உங்கள் பேச்சில் சொல்லுங்கள். ஊர் பேரை மாற்றலாம், ஆள் பேரை மாற்றலாம், எண்ணையும் நிபந்தனையையும் மட்டும் தொடக் கூடாது. சொல்லி முடித்ததும் நிபந்தனைகளை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதிப் போட்டுவிடுங்கள். நான் வெட்டுமேஜையிலேயே சாக்கால் எழுதிவிடுவேன், துடைத்தால் போய்விடும். பிறகு ஐந்து நிமிஷம் கேள்வி நேரம். என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். அது முடிந்ததும் "அப்படின்னு நீங்க சொல்லவேயில்லையே" என்று யாரும் கிளம்பக் கூடாது.

சின்னப்பெண் அன்றைக்குக் கெடுத்த அந்தப் பாலக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ராத்திரி நேரம், நாலு பேர் பாலம் கடக்க வேண்டும். பாலம் ஒரு நேரத்தில் இரண்டு பேரைத்தான் தாங்கும். டார்ச் ஒன்றே ஒன்று, அது இல்லாமல் நடக்க முடியாது. ஒருத்திக்குக் கடக்க 1 நிமிஷம், இன்னொருத்திக்கு 2, மூன்றாமவளுக்கு 5, நாலாமவளுக்கு 10. இரண்டு பேர் சேர்ந்து போனால் மெதுவாக நடப்பவள் வேகம்தான் கணக்கு. மொத்தம் எத்தனை நிமிஷத்தில் முடிக்கலாம்? டார்ச்சைத் தூக்கி எறியக் கூடாது என்று நான் சொல்ல மறந்த அன்று சித்தி அதைத்தான் செய்தாள். இப்போது அதையும் எழுதிப் போடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து இதை மதினியின் தங்கச்சி குடும்பம் வந்தபோது மறுபடி போட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி வந்தார்கள். வேகமானவள்தான் டார்ச்சைத் திருப்பிக் கொண்டு வர வேண்டும், அதனால் அவளே ஒவ்வொருத்தராகக் கூட்டிப் போகட்டும். 2, திரும்ப 1, பிறகு 5, திரும்ப 1, பிறகு 10. மொத்தம் 19. "இதுக்கு மேல குறையாது" என்று சத்தியம் பண்ணினார்கள். இந்த இடத்தில் நடுவர் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "17 நிமிஷத்தில் முடியும்." வழியைச் சொல்லக் கூடாது, எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். எண் தெரிந்துவிட்டால் சும்மா இருக்க முடியாது, அரிக்கும். (சின்னப்பெண் முதல் நாள் "பதினேழு" என்று எண்ணைத்தானே சொன்னாள், அதற்கு ஏன் கோபம் என்று கேட்கலாம். அவள் சொன்னது யாரும் முயற்சி செய்வதற்கு முன்னால். 19இல் முட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்குச் சொன்னால் அது துப்பு.)

அரை மணி நேரம் கழித்தும் அசையவில்லை என்றால் இரண்டாவது துப்பு. நான் கேட்டது இது: "5ஐயும் 10ஐயும் தனித்தனியா நடக்க விட்டா 15 நிமிஷம் போயிருது. சேர்த்து நடக்க விட்டா?" அதற்குமேல் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். 1ம் 2ம் முதலில் போகிறார்கள், 2 நிமிஷம். 1 திரும்புகிறாள், 3 ஆச்சு. 5ம் 10ம் சேர்ந்து போகிறார்கள், 13. அக்கரையில் காத்திருந்த 2 டார்ச்சை வாங்கிக்கொண்டு வருகிறாள், 15. மறுபடி 1ம் 2ம், 17.

துப்புக் கொடுப்பதில் இதைத்தான் பழகிக்கொள்ள வேண்டும். முதலில் நிபந்தனையைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். பாதி நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். அதிலும் வரவில்லை என்றால் அதே புதிரைச் சின்னதாக்கிக் கொடுங்கள். கடைசியாக, அவர்கள் கேட்காமலே முடிவுசெய்து வைத்திருப்பது எது என்று கவனித்து அதைக் கேள்வியாகத் திருப்பிவிடுங்கள். "வேகமானவதான் திரும்பணும்னு யாரு சொன்னா?" என்பதுபோல. "ரொம்ப ஈசி" என்று மட்டும் எந்தக் காலத்திலும் சொல்லிவிடாதீர்கள். ஈசி என்று சொன்ன புதிர் வராவிட்டால் மனுஷிக்கு அழுகை வரும்.

பொய்க்காரி, மெய்க்காரி புதிர்கள் தனி ருசி. ஒருத்தி எப்போதும் உண்மைதான் சொல்வாள், இன்னொருத்தி எப்போதும் பொய்தான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இந்த வகையை நூற்றுக்கணக்கில் செய்து வைத்தவர் ரேமண்ட் ஸ்மல்லியன், அமெரிக்கத் தர்க்க அறிஞர், மேஜிக் வித்தையும் காட்டுவார், பியானோவும் வாசிப்பார், 97 வயது வரை இருந்தார். கூட்டத்தைச் சூடாக்க ஒரு சின்னக் கேள்வி போடுங்கள். இரண்டு பேர் நிற்கிறார்கள், இருவரும் மெய்க்காரியா பொய்க்காரியா என்று தெரியாது. முதலாமவள், "நாங்க ரெண்டு பேருமே பொய்க்காரிதான்" என்கிறாள். யார் யார்? உண்மை சொல்கிறவள் தன்னைப் பொய்க்காரி என்று சொல்லவே முடியாது. ஆகவே சொன்னவள் பொய்க்காரி. அவள் சொன்னது பொய் என்றால் இருவரில் ஒருத்தியாவது பொய்க்காரி இல்லை, அப்போது மற்றவள் மெய்க்காரி. இதை ஒருத்தி தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும்போது குரலே மாறிவிடும்.

பிறகு பெரிய புதிர். பாதை இரண்டாகப் பிரிகிறது, ஒன்று ஊருக்கு, இன்னொன்று காட்டுக்கு. பிரியும் இடத்தில் ஒரு மெய்க்காரி, ஒரு பொய்க்காரி. யார் எவள் என்று உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். ஒருத்தியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம். விடை பலருக்குத் தெரிந்திருக்கும்: "ஊருக்கு எது வழின்னு மத்தவகிட்ட கேட்டா எதைக் காட்டுவா?" என்று கேட்டு, காட்டிய வழிக்கு எதிர் வழியில் போக வேண்டும். மெய்க்காரியிடம் கேட்டால் பொய்க்காரி காட்டப்போகும் தப்பு வழியை உள்ளபடி காட்டுவாள். பொய்க்காரியிடம் கேட்டால் மெய்க்காரி காட்டப்போகும் சரியான வழியை மாற்றிக் காட்டுவாள். இரண்டிலும் கைக்கு வருவது தப்பு வழிதான்.

சொல்லிக் கேட்டால் தலையாட்டுவோம். நடித்துப் பார்த்தால்தான் எவ்வளவு கடினம் என்று தெரியும். சின்னப்பெண்ணைப் பொய்க்காரியாக நிறுத்தினேன். மதினி சரியான கேள்வியையே கேட்டாள். அந்தப் பிள்ளை ஒரு நிமிஷம் முழித்துவிட்டுச் சரியான வழியைக் காட்டிவிட்டது, மதினி எதிர் வழியில் காட்டுக்குப் போய்விட்டாள். கேள்வி தப்பு என்று ஒரே வாதம். உண்மையில் பொய்க்காரிதான் பொய்யைப் பாதியில் விட்டுவிட்டாள். அன்றிலிருந்து பொய்க்காரியாக நிற்பவளுக்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். கேள்வியைக் கேட்டதும் உண்மையான பதில் என்ன என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், பிறகு அதைத் திருப்பிப் போட்டு வாயால் சொல்ல வேண்டும். பொய் சொல்ல இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்று சித்தி ஆச்சரியப்பட்டாள்.

தொப்பிப் புதிருக்குத் தொப்பி வேண்டாம், வெட்டுத்துணி போதும். சிவப்பில் மூன்று துண்டு, கருப்பில் இரண்டு துண்டு எல்லாருக்கும் காட்டிவிடுங்கள். மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக, எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார வேண்டும். கண்ணை மூடச் சொல்லி ஆளுக்கொரு துண்டைக் கொண்டையில் பின்னால் குத்திவிட்டு, மிச்சம் இரண்டை ஒளித்துவிடுங்கள். கடைசியில் இருப்பவளுக்கு முன்னால் இருக்கும் இரண்டு கொண்டையும் தெரியும். நடுவில் இருப்பவளுக்கு ஒன்று. முதலில் இருப்பவளுக்குச் சுவர்தான். கடைசி ஆளில் தொடங்கிக் கேட்கிறேன்: "உங்க துணி என்ன நிறம்?" டீச்சர் கடைசியில் இருந்தார், "தெரியலை" என்றார். நடுவில் மதினி, அவளும் "தெரியலை". முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னப்பெண், "அக்கா, என்னது சிவப்பு" என்றாள்.

எல்லாரும் கைதட்டினோம். பிறகுதான் கவனித்தேன், சுவரில் ஆளுயரக் கண்ணாடி. பக்கவாட்டில் மெஷின் மேலே இருந்த எவர்சில்வர் டிபன் மூடி வேறு. அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். கண்ணாடிக்குச் சேலை போட்டு மூடிவிட்டு மறுபடி விளையாடினோம். உங்கள் வீட்டில் பீரோக் கண்ணாடி இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யோசித்துப் போக வேண்டிய வழி இது. கடைசியில் இருப்பவள் இரண்டு கருப்பைப் பார்த்திருந்தால், கருப்பு தீர்ந்துவிட்டது, தன்னுடையது சிவப்பு என்று சொல்லியிருப்பாள். தெரியவில்லை என்றதால் முன்னால் இரண்டில் ஒன்றாவது சிவப்பு. நடுவில் இருப்பவளுக்கும் இது புரிந்துவிட்டது. அவள் முன்னால் கருப்பைப் பார்த்திருந்தால், அந்தச் சிவப்பு தன்னுடையதுதான் என்று சொல்லியிருப்பாள். அவளுக்கும் தெரியவில்லை. ஆகவே முதலில் இருப்பவள் சிவப்பு. பின்னால் இரண்டு பேர் "தெரியலை" என்றதே அவளுக்குச் செய்தி. நீங்கள் துணி குத்தும்போது முதல் ஆளுக்குச் சிவப்புக் குத்தினால் ஆட்டம் இந்த வழியில் முழுசாக ஓடும், பின்னால் இரண்டு பேருக்கும் எது குத்தினாலும் சரி. ஒரே நிபந்தனை, கடைசியில் இருப்பவளும் நடுவில் இருப்பவளும் அவசரப்பட்டு ஊகத்தில் நிறம் சொல்லக் கூடாது. ஊகம் புகுந்தால் அடுத்துப் பதில் சொல்ல வேண்டியவள் கட்டுவதெல்லாம் சரிந்துவிடும்.

இது பிடித்துப்போனால் 2015 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து உலகமெல்லாம் சுற்றிய செரில் பிறந்தநாள் கணக்குக்குப் போகலாம். பள்ளிப் பிள்ளைகள் கணிதப் போட்டிக்கு வந்த கேள்வி. பத்துத் துண்டுச் சீட்டில் பத்துத் தேதி எழுதி மேஜையில் பரப்புங்கள்: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. இதில் ஒன்று செரில் பிறந்தநாள். ஆல்பர்ட்டுக்கு மாதம் மட்டும் தெரியும், பெர்னார்டுக்குத் தேதி எண் மட்டும். ஆல்பர்ட் சொல்கிறான்: "எனக்குத் தெரியாது, பெர்னார்டுக்கும் தெரியாது என்று எனக்கு நிச்சயம்." பெர்னார்ட்: "முதலில் எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரியும்." ஆல்பர்ட்: "அப்படியானால் எனக்கும் தெரியும்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சீட்டுகளைக் குப்புறக் கவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். 18ம் 19ம் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கின்றன, அதனால் முதல் வாக்கியத்திலேயே மே, ஜூன் சீட்டெல்லாம் கவிழும். அடுத்து 14 கவிழும், இரண்டு மாதத்தில் இருக்கிறதே. கடைசி வாக்கியத்தில் ஆகஸ்ட் போய், ஜூலை 16 நிற்கும். வாயால் பேசித் தீர்க்க முயன்றபோது எங்களுக்குள் பெரிய ரகளை. சீட்டைக் கவிழ்த்தபோது கால் மணி நேரம்.

ரகளை என்றதும் மூன்று டப்பாக் கணக்கு. மூன்று ஹூக் டப்பா, ஒன்றில் மட்டும் ஐந்து ரூபாய்க் காசு. நீங்கள் ஒன்றைத் தொடுகிறீர்கள். காசு எங்கே என்று தெரிந்த நான், மிச்சம் இரண்டில் ஒரு காலி டப்பாவைத் திறந்து காட்டுகிறேன். "மாத்திக்கிறீங்களா?" என்று கேட்கிறேன். மாற்றினால் நல்லதா, மாற்றாமல் இருந்தால் நல்லதா? மதினி, "இருக்கது ரெண்டு, ஒண்ணுல காசு, இதுல மாத்துனா என்ன, மாத்தாட்டா என்ன" என்றாள். அப்படித்தான் எல்லாரும் சொல்வோம். 1990இல் மர்லின் வோஸ் சவான்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகைப் பத்தியாளர், மாற்றுவதுதான் நல்லது என்று எழுதியபோது சுமார் 10,000 கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை அவர் சொன்னது தப்பு என்றன. எழுதியவர்களில் ஏறக்குறைய ஆயிரம் பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். பால் ஏர்டிஷ் போன்ற பெரிய கணித மேதையே கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

இதை வாதம் பண்ணித் தீர்க்காதீர்கள். டப்பாவை எடுங்கள். மதினி மாற்றவே மாட்டேன் என்று 30 தடவை, டீச்சர் எப்போதும் மாற்றுவேன் என்று 30 தடவை. சித்தி சுவரில் சாக்கால் கோடு போட்டாள். முக்கால் மணி நேரம் ஆனது. மதினிக்கு 9 தடவை காசு, டீச்சருக்கு 21. மதினி கோடுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், பிறகு தானே சொன்னாள்: "முதல்ல தப்பா தொட்டவ மாத்துனா ஜெயிச்சிருதா. மூணுல ரெண்டு தடவை தப்பாத்தான தொடுவோம்." நான் எங்கெங்கோ வாசித்ததைவிட இது தெளிவாக இருந்தது. ஒரு எச்சரிக்கை: டப்பா திறக்கிறவருக்குக் காசு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் சின்னப்பெண் பார்க்காமல் குத்துமதிப்பாகத் திறந்தாள், சில தடவை காசே வெளியே வந்துவிட்டது. அது வேறு ஆட்டம், அதில் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்றுதான்.

மழை நாளுக்கு ஐந்து வீட்டுப் புதிர் இருக்கிறது. ஐந்து நிற வீடு, ஐந்து நாட்டுக்காரர், யார் வரிக்குதிரை வளர்க்கிறார் என்பது. 1962இல் ஒரு பத்திரிகையில் வந்தது. ஐன்ஸ்டீன் சின்ன வயதில் செய்தது என்று வாட்ஸாப்பில் வரும், அதற்கு ஆதாரம் கிடையாது. தனியாக உட்கார்ந்து கட்டம் போட்டுத் தீர்க்க நல்லது. கூட்டத்துக்கு எனக்குப் பிடிக்கவில்லை, பென்சில் ஒருத்தி கையில்தான் இருக்கும். பதினேழு யானையை உயிலில் உள்ளபடி பாதி, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று எனப் பிரிக்கும் கணக்கைச் சித்தியே சொன்னாள். ஒரு யானையைக் கடன் வாங்கிப் பதினெட்டாக்கிப் பிரித்தால் 9, 6, 2 போக, கடன் யானை மிச்சம் நிற்கும். "அப்போ அந்த உயில் எழுதினவனுக்குக் கணக்கு வராது" என்றார் டீச்சர். கூட்டினால் முழுசு வராத பங்கை எழுதி வைத்திருக்கிறான், உண்மைதான். இங்கிலீஷ் வார்த்தை விளையாட்டில் தொங்கும் புதிர்களை மொழிபெயர்த்துப் போடாதீர்கள், ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள்.

கடைசியாகத் தீப்பெட்டிக் கணக்கு. இதற்குத் துணி ஹேங்கர் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கேரி பேக் கட்டினால் தராசு தயார். காலித் தீப்பெட்டி ஒன்பது, ஒன்றினுள் மட்டும் ஒரு ரூபாய்க் காசு ஆடாமல் இருக்கப் பஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள். காசுப் பெட்டி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். தூக்கிப் பார்க்கக் கூடாது, தராசை இரண்டே தடவை பயன்படுத்தலாம். எல்லாரும் நாலுக்கு நாலு வைத்துத் தொடங்குவார்கள். விடுங்கள், ஹேங்கர் சாயட்டும். முட்டி நிற்கும்போது மூன்று பெட்டியை மட்டும் நகர்த்திக் கொடுத்து, "ஒரே தடவையில் கண்டுபிடிங்க" என்று சொல்லுங்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, சாய்ந்தால் அது, சாயாவிட்டால் வெளியே இருப்பது. அதைப் பார்த்ததும் ஒன்பதை மூன்று மூன்றாகப் பிரிக்கத் தோன்றிவிடும்.

போன மாதம் அதை வளர்த்துப் பன்னிரண்டு ஆக்கினேன். பன்னிரண்டில் ஒன்று மட்டும் வித்தியாசம், கனமா லேசா என்று தெரியாது. மூன்று தடவை நிறுத்து எது என்றும், கனமா லேசா என்றும் சொல்ல வேண்டும். நாலு ஞாயிறு ஓடிவிட்டது. நாலு நாலாக வைக்க வேண்டும் என்பது வரை வந்திருக்கிறார்கள். அந்த முதல் நிறுவை சாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் நிற்கிறார்கள். மதினி ராத்திரி தூக்கத்தில் எழுந்து, சாய்ந்த பக்கத்துப் பெட்டியை மறுபக்கம் மாற்றி வைத்தால் என்ன என்று அண்ணனிடம் கேட்டாளாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிகள் வெட்டுமேஜைக்கு மேல் தட்டில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்கால் எண். எது என்று எனக்குத் தெரியும். அதனால் நாலு வாரமாக ஐந்து டீயும் வாங்கி வருகிறவள் நான்தான்.